தேயுறது பிளாஸ்டிக்கு, கரையுறது எலும்பு

செங்கோட்டையில இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தாங்க, அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாத்தணும்னு புனலூர்ல டாக்டர் சொல்லிட்டாராம், பத்து வருஷத்துல அது காலாவதியாகி திரும்ப கிழிக்கணுமாமே நெசமான்னு. புளியரையில எங்க அத்தைக்கும் இதே பயம்தான். வெச்சு பதினோரு வருஷம் ஆச்சு, சேர்ல இருந்து எந்திரிச்சா 'டக்'னு ஒரு சத்தம், அதைக் கேட்டுட்டு பக்கத்து வீட்டு மலையாளத்தம்மா ஸ்க்ரூ லூஸாயிருச்சுன்னு கிளப்பி விட்டுட்டாங்க. பெரும்பாலும் உள்ள ஸ்க்ரூவே கிடையாதுங்க, எலும்பு சிமெண்ட் வெச்சு ஒட்டுறதுதான். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுற சத்தம் அது, வலி வீக்கம் இல்லன்னா விட்டுருங்க.

கணக்கு என்ன சொல்லுது? 2019ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுப்படி முழு மூட்டு மாத்தினதுல 100க்கு 82 போல 25 வருஷம் தாங்குது. 70 வயசுக்கு மேல வெச்சவங்களுக்கு ஆயுசுக்குள்ள மறுபடி மாத்த வேண்டி வர்றது 100க்கு 5 பேருக்குத்தான், 50களோட தொடக்கத்துல வெச்ச ஆம்பளைங்களுக்கு 35 வரைக்கும் போகும்னு 2017ல பிரிட்டன் கணக்கு.

சரி, நீண்ட நாள்ல கெட்டுப்போறது எப்படி, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். தொடை எலும்பு முனையில ஒரு உலோக மூடி, கீழ ஒரு உலோகத் தட்டு, நடுவுல பாலிஎத்திலீன், நம்ம கேரி பேக்கோட பெரிய அண்ணன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு அடி நடக்கும்போதும் கண்ணுக்கே தெரியாத தூசி அதுல இருந்து உதிரும், ஒரு மைக்ரானுக்கும் கம்மி, கிட்டத்தட்ட பாக்டீரியா சைஸ். உடம்புல காவல் சுத்துற மேக்ரோபேஜ் செல்லு ஏதோ கிருமின்னு நெனச்சு அதை முழுங்கிரும், ஆனா பிளாஸ்டிக்கை செரிக்க அதுகிட்ட என்சைம் இல்ல. செரிக்கவும் முடியாம துப்பவும் முடியாம ஆளைக் கூப்பிடுற மாதிரி வேதிப்பொருளைக் கக்குது, அதைக் கேட்டு முழிச்சுக்கிறது ஆஸ்டியோகிளாஸ்ட், பழைய எலும்பை இடிக்கிற செல்லு. வழக்கமா இவரு இடிக்க இடிக்க பின்னாடியே கொத்தனார் செல்லு கட்டிக்கிட்டு வரும், இப்போ இடிப்பு முந்திரும். பிளாஸ்டிக் பாதி கூட தேஞ்சிருக்காது, அதைத் தாங்குற எலும்பு பொந்து விழுந்து மூட்டு ஆட ஆரம்பிச்சிரும். தேஞ்சது கொஞ்சம், கெடுத்தது நம்ம ஆளுங்களே!

இப்போ கதிர்வீச்சு கொடுத்து பிளாஸ்டிக் இழைகளைக் குறுக்கால பின்னி விடுறாங்க, சிலதுல வைட்டமின் ஈ கூட கலக்குறாங்க, தூசி நல்லாவே குறைஞ்சிருச்சு. அதனால கிருமித்தொற்றுதான் இப்போ பெரிய கவலை, சுகர் இருக்கவங்க கால் புண்ணை சும்மா விடாதீங்க.

ஒரு ஆதங்கம். அந்த 82 ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து கணக்கு. ஸ்வீடன்காரன் 1975லயே ஒவ்வொரு மூட்டையும் பதிய ஆரம்பிச்சுட்டான். நாம 2017ல விலைக்கு வரம்பு போட்டோம், நல்ல காரியம், ஆனா தரையில சம்மணம் போட்டே வளந்த நம்ம ஊரு காலு 25 வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு எண்ணுறதுக்கும் காசு ஒதுக்கணும்ல? அதுக்குப் பதிலா மூட்டே மாத்த வேண்டாம், இந்த எண்ணெய் போதும்னு விளம்பரம்தான் ஓடுது. முறிவெண்ணெய் தேச்சா இதமா இருக்கும், யாரு இல்லன்னா, தேஞ்ச குருத்தெலும்பு அதுல திரும்ப முளைக்காது.

எலும்பு பொந்து விழுறப்போ ஆரம்பத்துல வலிக்காது, எக்ஸ்ரேல சிமெண்ட் ஓரமா கருப்புக் கோடாத்தான் முதல்ல தெரியும். அதனால வலி இல்லாட்டியும் டாக்டர் சொல்ற இடைவெளியில எக்ஸ்ரே எடுத்துருங்க, போகும்போது பழைய படத்தையும் கையோட கொண்டு போங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் கோடு வளந்திருக்கான்னு தெரியும். எங்க அத்தை அந்தப் படத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னாடி சுருட்டி வெச்சிருந்தாங்க, விரிச்சா பாதி ஒட்டிக்கிச்சு.