எல்லாம் அடக்கம் என்றால் எதெல்லாம் அடக்கம்?

காலை ஒன்பதரை மணி. படகுத்துறையில் ஸ்பீட் போட் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறது. ரிசப்ஷனில் என் எதிரே கோவையிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. நான் நீட்டிய பில் 386 டாலர். பையன் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, மனைவிக்குக் கேட்காத குரலில் கேட்டான்: "அண்ணா, நாங்க எல்லாம் சேர்த்துத்தானே கட்டினோம்? ஆல் இன்க்ளூசிவ்னுதானே சொன்னாங்க?"

மாலத்தீவில் மூன்று ரிசார்ட்டுகளில் ஒன்பது வருடம் ஃப்ரன்ட் ஆபீசில் வேலை பார்த்தேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். கேட்பது எப்போதும் கடைசி நாள் காலையில்தான், படகு காத்திருக்கும்போதுதான். இப்போது ஊரில் உட்கார்ந்து ஆட்களை அங்கே அனுப்பிவைக்கும் வேலை. பணம் கட்டும் முன் நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த 'எல்லாம் அடக்கம்' என்கிற ஏற்பாட்டை உலகத்துக்குப் பழக்கியது கிளப் மெட் என்ற பிரெஞ்சு விடுதி நிறுவனம். 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரம் போட்டு ஆரம்பித்தார்கள். அங்கேயும் பல காலம் மதுக்கூடத்துக்குத் தனிக்கணக்குதான். காசுக்குப் பதிலாகக் கழுத்தில் மாட்டியிருக்கும் பாசிமணியைக் கழற்றிக் கொடுப்பார்கள். ஆக, எல்லாம் என்ற சொல்லுக்கு அன்றைக்கே ஒரு வேலி இருந்தது. அந்த வேலி ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், ஒரே ஹோட்டலில் திட்டத்துக்குத் திட்டமும் மாறும்.

கோவைப் பையனின் பில்லைப் பிரித்துப் பார்ப்போம். லாப்ஸ்டர் இரண்டு, 150 டாலர். டால்பின் பார்க்கும் மாலைப் படகுச் சவாரி இரண்டு பேருக்கு, 110. ஒயின் ஒரு பாட்டில், 68. கடற்கரையில் எடுத்த போட்டோக்கள், 58. நான்குமே அவர்கள் வாங்கிய திட்டத்துக்கு வெளியே. ஒயின் அடக்கம்தான், ஆனால் கோப்பையில் ஊற்றித் தரும் சாதா ஒயின் மட்டும். பாட்டிலாகக் கேட்டால் தனி. மெனுவில் லாப்ஸ்டர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி இருக்கும். அதன் பொருள் பக்கத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும்.

எனவே புக் செய்யும் முன் முகவரிடம் ஹோட்டலின் திட்டத் தாளை அப்படியே கேளுங்கள். முகவர் தன் வார்த்தையில் எழுதித் தரும் சுருக்கம் போதாது, ஹோட்டல் தந்த தாளே வேண்டும். அதில் நான் முதலில் பார்ப்பது விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் படகு அல்லது கடல்விமானக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதை. பெரும்பாலான தீவுகளில் அது தனி. கடல்விமானம் என்றால் ஒருவருக்குப் போக வர சில நூறு டாலர் ஆகும். அப்புறம் எந்தெந்த உணவகங்களில் சாப்பிடலாம், மினிபார் ஒரு நாளைக்கு எத்தனை முறை நிரப்புவார்கள், ஸ்நார்கெல் (மிதந்தபடி கடலுக்கடியைப் பார்ப்பது) கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் இலவசமா வாடகையா என்று பார்ப்பேன். ஸ்பா, ஜெட் ஸ்கி, ஸ்கூபா (காற்று உருளை கட்டிக்கொண்டு கடலில் மூழ்குவது) மூன்றும் அநேகமாக எங்கும் வெளியே.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். அதற்கு மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி., 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். 400 டாலர் என்று போட்டிருக்கும் அறை கடைசியில் 514 டாலர் 80 சென்ட். இது போக பசுமை வரி என்று ஒன்று: ரிசார்ட்டில் தங்கினால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டு பேர் நான்கு இரவு தங்கினால் 96 டாலர். சில முகவர்கள் இதை விலையில் காட்டாமல் 'அங்கே கட்டிக்கொள்ளலாம்' என்பார்கள். கட்டிக்கொள்ளலாம், முன்கூட்டியே தெரிந்திருந்தால். இங்கே பேக்கேஜ் வாங்கும்போது பிடிக்கும் டி.சி.எஸ். (விற்பவரே உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) வேறு விஷயம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதை உங்கள் கணக்கில் வரவு வைக்கலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

சரி, இந்தத் திட்டம் உங்களுக்குத் தேவையா? மாலத்தீவில் ரிசார்ட் என்றால் ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல்தான். 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தபோதிருந்து அதுதான் வழக்கம். (மாலத்தீவின் திவேகி மொழியில் குரும்பா என்றால் இளநீர்க்காய். நம் குரும்பை நினைவுக்கு வருகிறது அல்லவா?) தெருமுனையில் டீக்கடை கிடையாது, பெட்டிக்கடை கிடையாது. காலை உணவு மட்டும் எடுத்துக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் மதிய சாப்பாட்டு பில்லில் மூச்சடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குடிப்பழக்கம் இல்லாத, அளவாகச் சாப்பிடுகிற தம்பதிக்கு ஆல் இன்க்ளூசிவ் பெரும்பாலும் வீண் செலவு. மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த ஃபுல் போர்டே போதும். ஒன்றை மட்டும் கேளுங்கள்: சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் அடக்கமா? தண்ணீருக்கும் பில் போடும் இடங்கள் உண்டு.

இனி விமானம். நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலை மூன்றரை மணிக்குப் பிறகு வெலானா விமான நிலையத்தில் இறங்கினால் அன்றைக்குத் தீவுக்குப் போவது சந்தேகம். பக்கத்து ஹுல்ஹுமாலேயில் சொந்தச் செலவில் அறை எடுத்து இரவைக் கழிக்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணமும் போச்சு. டிக்கெட்டில் மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்று மாலை விமானம் பிடித்துவிட்டு நாற்பதாயிரம் ரூபாய் அறையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தாமதமாகத்தான் இறங்க முடியும் என்றால் ஸ்பீட் போட்டில் போகக்கூடிய தீவாகப் பாருங்கள்.

கடல்விமானத்தில் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது கணக்கு. பதினைந்து பேர் உட்காரும் ட்வின் ஓட்டர் விமானம் அது; எடை கூடினால் காசு. விமானிகள் வெறுங்காலோடு ஓட்டுவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அங்கே அது சகஜம்.

இந்தியர்களுக்கு விசா முன்கூட்டியே தேவையில்லை. இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். ஆனால் இமூகா என்ற பயணிப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். இதற்குப் பைசா கிடையாது. கூகுளில் தேடினால் அதே போலத் தோற்றமுள்ள தளங்கள் முதலில் வந்து கட்டணம் கேட்கும். எங்களிடம் வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அப்படி ஒரு தளத்தில் குடும்பத்தில் நான்கு பேருக்கும் கட்டியிருந்தார். அரசுத் தளத்தின் முகவரி முடிவில் ஜி.ஓ.வி. புள்ளி எம்.வி. என்று இருக்கும்.

சுங்கத்தில் மூன்று பொருள்களால் நம்மவர்கள் திணறுவார்கள். ஒன்று, சென்னை டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில். ரிசார்ட்டில் மது கிடைக்கும், ஆனால் நாட்டுக்குள் நீங்கள் கொண்டுபோக முடியாது. ஸ்கேனரில் தெரிந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு சீட்டுத் தருவார்கள்; திரும்பும்போது சீட்டைக் காட்டிப் பெற வேண்டும். இரண்டு, வேப் என்கிற மின் சிகரெட். 2024 நவம்பரிலிருந்து உள்ளே கொண்டுவரத் தடை. மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காதது: சாமி சிலை. வழிபாட்டுச் சிலைகளுக்கு அனுமதி இல்லை. கல்யாணப் பரிசாக வந்த சின்னப் பிள்ளையாரைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்து, கவுண்டரில் கண் கலங்கி நின்ற பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் பிள்ளையார் உள்ளே வரவில்லை. தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் என்று சொன்னால் மட்டும் அங்கே வேலைக்கு ஆகாது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைக்காரர்களுக்கும் மாசி தெரியும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்த கட்டை. அது மாலத்தீவுச் சரக்கு. அந்த ஊர்ச் சமையலில் அது நாம் பெருங்காயம் போடுகிற மாதிரி. கீரையில் இருக்கும், தேங்காய்ச் சம்பலில் இருக்கும். காலையில் தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து சப்பாத்தி மாதிரியான ரோஷியோடு ஒன்று வைத்திருப்பார்கள். பார்க்கப் புட்டுக்குத் தொட்டுக்கொள்கிற சமாசாரம் போலிருக்கும். மஸ் ஹுனி என்று பெயர், பாதிக்குப் பாதி சூரை மீன். ஆகவே 'மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், மாசித்தூள் வேண்டாம்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் எழுதிப்போட்டால் இன்னும் நல்லது. முதல் நாள் இரவே சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். பல தீவுகளில் சமையலறையிலோ பரிமாறும் இடத்திலோ ஒரு தமிழர், மலையாளி அல்லது இலங்கைக்காரர் இருப்பார். தயிரும் சோறும் கேட்டால் கடுகு தாளித்தே வரும்.

பஃபேயில் இருந்து பழமோ ரொட்டியோ டிஷ்யூவில் சுற்றி அறைக்கு எடுத்துப்போவதை ஊழியர்கள் பார்த்தும் பாராமல் இருப்பார்கள். டப்பாவோடு வந்தால்தான் பிரச்சினை.

இந்த பில் விஷயத்தில் இன்னொன்று. அங்கே காசு கைமாறாது. எதை வாங்கினாலும் ஒரு சீட்டை நீட்டுவார்கள், அறை எண்ணும் கையெழுத்தும் போடுவீர்கள். திட்டத்தில் அடங்கியதற்கும் பூஜ்யம் போட்ட சீட்டு வரும், அடங்காததற்கும் சீட்டு வரும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். கோவைப் பையன் லாப்ஸ்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தான். எடுத்துக் காட்டினேன், பேசாமல் கார்டைத் தந்தான். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு சரியில்லை. தொகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரிசப்ஷனில் இதுவரை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். தவறாக ஏறியிருந்தால் அன்றே திருத்துவது சுலபம்; நாங்களும் தவறு செய்வோம், பக்கத்து அறைக்காரரின் பீர் உங்கள் கணக்கில் ஏறுவது நடக்காத விஷயமில்லை. செக்-இன் செய்யும்போது கார்டில் ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்துவைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டில் இருக்கும் மொத்தப் பணமும் அதில் முடங்கிவிடாமல் இருக்க அதற்கு கிரெடிட் கார்டையே கொடுங்கள். அறை சுத்தம் செய்பவர், பெட்டி தூக்குபவர் இவர்களுக்குக் கொடுக்க ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாகக் கொஞ்சம் கொண்டுபோங்கள்.

கடலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பால் நீலமாக இடுப்பளவு தண்ணீர் நிற்கும் லகூன் ஓரளவு பாதுகாப்பானது. அதன் விளிம்பில் பவளத்திட்டு முடிந்து தண்ணீர் திடீரென்று கருநீலமாகும். அந்தக் கோட்டுக்கு அப்பால் ஆழம் சட்டென்று இறங்கும், நீரோட்டம் இழுக்கும். எல்லா ரிசார்ட்டிலும் உயிர்காப்பாளர் கரையில் நிற்பதில்லை. நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க வேண்டாம். தனியாக இறங்கவே வேண்டாம். சுடிதாரோடும் துப்பட்டாவோடும் இறங்கும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்; நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும், எழுந்து நிற்க முடியாது. உடம்பை மூட வேண்டுமென்றால் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. வெயிலுக்கும் அதுவே நல்லது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வெயில், கறுப்புத் தோலையும் உரித்துவிடும்.

ஸ்நார்கெல் கண்ணாடியை முதலில் நீச்சல் குளத்தில் போட்டுப் பாருங்கள். மூக்கை மூடிக்கொண்டு வாயால் மட்டும் மூச்சுவிடப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், உடைத்து எடுக்கவும் கூடாது, அதற்கு அபராதம் உண்டு. ஸ்கூபா போனவர்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், இடைவெளி விட வேண்டும். கடல்விமானமும் விமானம்தான், அதையும் கணக்கில் சேருங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் தண்ணீர் மேல் கட்டிய வில்லாவைக் கேட்கவே வேண்டாம். படி நேராகக் கடலுக்குள் இறங்கும். பல ரிசார்ட்டுகள் சின்னக் குழந்தைகளை அதில் அனுமதிப்பதில்லை.

மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி பின்தங்கியது. ஆனால் சில தீவுகளில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று சொந்தமாக ஒரு மணி நேரம் முன்னால் கடிகாரத்தை வைத்திருப்பார்கள். செல்போன் தலைநகர் மாலேயின் நேரத்தைக் காட்டும், உணவகம் தீவு நேரத்தில் மூடும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜருக்குப் பிரிட்டிஷ் மூன்று முனை அடாப்டர் வேண்டும்.

கிளம்பும் நாள். திட்டம் பெரும்பாலும் பகல் 12 மணியோடு முடியும். படகு மூன்று மணிக்கு என்றால் மதியச் சாப்பாடு பில்லில் ஏறும், எனவே அது சேர்ந்திருக்கிறதா என்று முன்னதாகவே பேசிவிடுங்கள். கடல்விமானம் எத்தனை மணிக்கு என்பது முந்தைய நாள் மாலைதான் தெரியும்; ஒரு தாளில் எழுதி அறைக்கு அனுப்புவார்கள். அது வந்ததும் இமூகா படிவத்தை மறுபடி நிரப்புங்கள். ஆமாம், வெளியேறும்போதும் அதே படிவம்தான். ரிசார்ட்டின் வைஃபை இருக்கும்போதே முடித்து கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சுங்கத்தில் பாட்டிலைக் கொடுத்தவர்கள் அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறீர்களா என்று முந்தைய இரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.