முழங்கை இரண்டு கிளப்புக்கும் ஒன்றுதான்

பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு கைகுலுக்குவார்களே, அந்த வரிசையில் இடது கையை நீட்டியிருக்கிறான் ஒரு பையன். மரியாதை தெரியாத பிள்ளை என்று அங்கேயே அம்மாவிடம் திட்டு. மறுநாள் என் அறையில் வலது கையை நேராக நீட்டச் சொன்னேன். முடியவில்லை. பன்னிரண்டு வயது, பிட்சர், அதாவது அணிக்குப் பந்து எறிபவன். முழங்கையின் உட்பக்க எலும்பில் விரல் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாலஸ் பக்கம் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். இந்த வசந்த காலத்தில் இதே முழங்கையோடு வந்த நம்மூர்ப் பிள்ளைகளில் இவன் நான்காவது.

சனிக்கிழமை ஒரு கிளப்புக்கு 70 பந்து. ஞாயிறு இன்னொரு கிளப்புக்கு 55. பயிற்சியாளர்கள் இருவரும் நல்லவர்கள்தான். அவரவர் நோட்டில் கணக்கு அளவுக்குள்தான் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்து வரை அனுமதிக்கிறது. அந்த 85 எல்லோருக்கும் மனப்பாடம். 66 பந்தைத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு என்று அதே அட்டவணையில் இருப்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்பா கேட்டார்: "டாக்டர், டாமி ஜான் ஆபரேஷன் செய்துகொண்டால் கை முன்பைவிடப் பலமாகிவிடுமாமே?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக வேறோர் இடத்துத் தசைநாணை எடுத்துப் பொருத்துகிற அறுவைச் சிகிச்சை அது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்தார். 1975 முழுவதும் டாமி ஜான் ஆடவில்லை. திரும்பி வந்து 164 ஆட்டங்களை வென்றார். அந்த 164 ஊருக்கெல்லாம் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துக்கே திரும்பாதவர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? சிலருக்கு வேகம் கூடியிருக்கலாம். ஓராண்டுக்குக் குறையாமல் காலுக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் செய்த பயிற்சியின் பலன் அது. அந்தப் பயிற்சியைக் கத்தி வைக்காமலேயே செய்யலாம், ஐயா! அதுவும் இவனுக்குத் தசைநார் அறுந்துபோகவில்லை. எலும்பு வளரும் இடத்துக் குருத்தெலும்பு இழுபட்டுப் புண்ணாகியிருக்கிறது. அதற்கு மருந்து, எறியாமல் இருப்பது.

"நாங்கள் சின்ன வயதில் நாள் முழுக்கப் பந்து போடவில்லையா?" என்று அடுத்த கேள்வி. போட்டீர்கள், 60 கிராம்கூட இல்லாத டென்னிஸ் பந்தை, கையை மடக்காமல். பேஸ்பால் 140 கிராமுக்கு மேல்.

தொழில் ரகசியம் ஒன்று: வலிக்கிறதா என்று பெற்றோர் எதிரில் நான் கேட்பதில்லை. இல்லை என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வேன். எந்தக் கையைப் பொத்திப் பொத்தி உருவுகிறான் என்று பார்த்தாலே போதும்.

எத்தனை கிளப்பானாலும் ஒரே நோட்டு வையுங்கள். அது உங்கள் கையில் இருக்கட்டும். பந்து வீசி முடித்தவனை அன்றே பந்தைப் பிடித்துத் திருப்பி எறியும் கேட்சராக உட்கார வைக்காதீர்கள். வலிமாத்திரை கொடுத்து ஆட அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆண்டில் நான்கு மாதமாவது அந்தக் கைக்கு விடுமுறை கொடுங்கள். வீரனை வளர்க்கிறோம் என்று சொல்லும் கிளப்பில் சேர்க்கும்போது, "வேறு எங்காவது எறிகிறானா?" என்று அவர்கள் கேட்கிறார்களா, பாருங்கள். வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் பிட்சரை மாற்றுகிற பயிற்சியாளரைப் பார்த்துக் கத்தாதீர்கள், தயவுசெய்து.

பையனுக்கு ஆறு வாரம் எறியத் தடை. பிறகு பார்த்துத்தான் சொல்வேன். மைதானத்துக்காவது போகலாமா என்று கேட்டான். போகட்டும். பெஞ்சில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகள் எறியும் பந்துகளை எண்ணி எழுதட்டும், இரண்டு கிளப்புக்கும் சேர்த்து.