பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டதா? அம்மாவின் கையெழுத்து இனி செல்லாது

எங்கள் தெருவில் ஒரு அம்மா. மகனுக்கு 20 வயது, அறிவுசார் குறைபாடு 75 சதவீதம். பையன் பெயரில் தாத்தா போட்டுவைத்த ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்ந்ததும் அதை எடுக்க வங்கிக்குப் போனார். இதுவரை கார்டியன் என்று அந்த அம்மாதான் கையெழுத்துப் போட்டுவந்தார். இந்தத் தடவை கவுண்டரில் பேனாவைப் பையன் பக்கம் நகர்த்தினார்கள். அவன் அதை வாங்கி மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி விளையாடிக்கொண்டிருந்தான். "மேஜர் ஆகிட்டாரும்மா, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார்கள். அவரும் நம்பி ஒரு வக்கீலிடம் போய் முன்பணம் கொடுத்து, ஏழு மாதம் அலைந்திருக்கிறார். அப்புறம்தான் என்னிடம் சொன்னார்.

கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாம். கலெக்டர் ஆபீசில் முடிகிற வேலை இது, வக்கீலும் தேவையில்லை. இதை அந்த அம்மாவிடம் யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். பையனின் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் பத்து வருடமாக அதே வளாகத்துக்குத்தான் அவர் வந்துபோகிறார்.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் பொருந்தும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் பெரும்பாலும் அறிவுசார் குறைபாட்டின் கீழ் வந்துவிடுவார்கள். மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் அளவிலான குழு உண்டு. அதில் கலெக்டர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் இருப்பார்கள். 18 வயது முடிந்தவருக்கு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் போகும் இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

முதலில் குறைபாட்டுச் சான்றிதழைக் கையில் எடுத்து அதில் எழுதியிருக்கும் வார்த்தையைப் பாருங்கள். நான் பார்த்தவரை அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. பழைய அட்டைகளில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று இருக்கும், அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் யுடிஐடி, அதாவது மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவேற்றும்போது கம்ப்யூட்டரில் இருப்பவர் பட்டியலில் ஒரு வரி தள்ளி 'மனநோய்' என்பதைத் தட்டிவிட்டால் கதை கந்தல். மனநோய் இந்த நான்கில் வராது, அதனால் குழுவிடம் போக முடியாது. உதவித்தொகைப் பிரிவும் மாறிப்போகும். திருத்த வேண்டுமென்றால் மறுபடி மருத்துவக் குழு, மறுபடி முகாம் என்று சுற்ற வேண்டும். நீங்கள் சொல்லாத தவறுக்கு நீங்கள்தான் மனு எழுத வேண்டும். ஆகவே பதிவு செய்யும் இடத்தைவிட்டு நகரும் முன்பே திரையைப் பார்த்து பெயர், பிறந்த தேதி, குறைபாட்டு வகை, சதவீதம் நான்கையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கிறது, முறைக்கிறார்கள் என்றெல்லாம் கூச்சப்படாதீர்கள்.

சதவீதம் 40-க்குக் கீழே போனால் எந்தக் கதவும் திறக்காது. அறிவுசார் குறைபாட்டில் லேசானதற்கே 50 சதவீதம் தருகிறார்கள், எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளுக்கு 25. மதிப்பிடும்போது கேட்பது பிள்ளை அன்றாடம் தானாக என்ன செய்கிறான் என்பதைத்தான். பெருமைக்காக "எல்லாம் அவனே பண்ணிடுவான் சார்" என்று சொல்லி வாய்ப்பைக் கெடுத்துக்கொண்ட அப்பாக்களைத் தெரியும். சட்டை பட்டன் போடத் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

சின்ன வயதில் கிடைக்கும் சான்று தற்காலிகமானது. 5, 10, 18 வயதுகளில் மறுமதிப்பீடு இருக்கும், 18-இல் வாங்குவதுதான் கடைசிவரை நிற்கும். அட்டையில் செல்லுபடித் தேதி சின்ன எழுத்தில் இருக்கும். அது தாண்டினால் பணம் நிற்கும், அதைச் சொல்ல வீடு தேடி யாரும் வரமாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 40 சதவீதமோ அதற்கு மேலோ அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். இதைத் தருவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, அது அப்போது 1,500 ஆனது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. ஊரில் யாரோ நல்லெண்ணத்தில் தாலுகா ஆபீசில் எழுதிக்கொடுத்து 1,500-ஐ வாங்கிவிடுவார்கள். பிறகு 2,000 கேட்டுப் போனால் "நீங்க ஏற்கெனவே பயனாளி" என்பார்கள். தாலுகாவில் ரத்து ஆணை வாங்கி வா என்பார் ஒருவர், இந்தப் பக்கம் அனுமதி ஆகாமல் ரத்து பண்ண முடியாது என்பார் இன்னொருவர். நடுவில் சில மாதம் இரண்டுமே இல்லாமல் போனவர்கள் உண்டு. முடிந்தால் முதல் விண்ணப்பத்தையே சரியான துறையில் போடுங்கள்.

வருடா வருடம் வாழ்நாள் சான்று கேட்பார்கள், வி.ஏ.ஓ. கையெழுத்துடன். அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையில் மூலையில் வந்துவிட்டுப் போய்விடும். அலுவலகத்துக்கு எப்போது போனாலும் "வாழ்நாள் சான்று எப்போ?" என்று கேட்டுவிடுங்கள்.

சரி, பாதுகாவலர் சான்றுக்கு வருவோம். 18 முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், ஆனால் காகிதங்களை 17-லேயே சேர்த்துவையுங்கள். சில இடங்களில் கூடப் பிறந்தவர்களிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் கேட்கிறார்கள். அண்ணன் துபாயில் இருந்தால் அதற்கே இரண்டு மாதம் ஓடிவிடும். பாதுகாவலராக வரப்போகிறவரின் சம்மதமும் வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்ததும் கேட்கும் முதல் வாக்கியம், "கமிட்டி கூடும்போது சொல்றோம்." கலெக்டருக்கு நேரம் கிடைக்க வேண்டும், தேர்தல் முடிய வேண்டும், புதுக் கலெக்டர் பொறுப்பேற்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பித் திரும்பாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு மாதம் சத்தமே இல்லையென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து அந்த எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லையா, 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, என் விண்ணப்பம் யார் மேசையில் இருக்கிறது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பல நேரம் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தவுடனே போன் வந்துவிடும்.

குழு கூடும் நாளில் பிள்ளையை நேரில் அழைத்துவரச் சொல்வார்கள். பத்து மணி என்றால் ஒரு மணி ஆகும். கூட்டமும் சத்தமும் தாங்காத ஆட்டிசம் பிள்ளை என்றால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, முதலில் கூப்பிடும்படி கேளுங்கள். அது சலுகை இல்லை.

எதற்காகப் பாதுகாவலர் தேவை என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்: பராமரிப்பு, மருத்துவம், வங்கி, சொத்து. பொத்தாம்பொதுவாக ஒரு வரி எழுதினால் பொத்தாம்பொதுவாக ஒரு சான்று வரும், அதை வங்கி ஏற்காது. அம்மா அப்பா இருவரும் இருந்தால் இருவர் பெயரையும் போடுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்து அவர் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சான்று கையில் வந்த பிறகும் வங்கி கோர்ட்டைக் காட்டினால் மல்லுக்கட்ட வேண்டாம். இந்தக் குழு தரும் சான்றை வைத்துக் கணக்கு தொடங்கலாம், நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பிரிண்ட் எடுத்து மேனேஜர் மேசையில் வையுங்கள். ஏற்க முடியாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யாரும் துணிவதில்லை.

நிராமயா மருத்துவக் காப்பீடும் இதே தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவதுதான், வருடத்துக்கு 1 லட்சம் வரை. தெரபிக்கும் உண்டு. ஆனால் நாம் செலவழித்துவிட்டு பில் காட்டித்தான் வாங்க வேண்டும். தெரபி சென்டரில் துண்டுச்சீட்டு தந்தால் வாங்காதீர்கள், முத்திரையோடு பில் கேளுங்கள். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

இன்னொன்று, இதை யாருமே சொல்வதில்லை. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, பணம், கடன் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள், அதாவது ஜூன் முடிவதற்குள், வருடக் கணக்கு தர வேண்டும். சட்டத்தில் இருக்கிறது. கேட்காமல் விட்டுவிட்டு, சொந்தக்காரர் யாராவது புகார் கொடுக்கும் நாளில் திடீரென்று கேட்பார்கள்.

எங்கள் தெரு அம்மாவுக்குப் போன மாதம் சான்று வந்தது. இப்போது கோடு போட்ட நோட்டில் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்: டெபாசிட் ஒன்று, உதவித்தொகைக் கணக்கு ஒன்று, காதுகுத்துக்குப் போட்ட கால் பவுன் தோடு. "தோடு இப்ப பெரியவ காதுல இருக்கே, அதையும் எழுதணுமா?" என்று கேட்டார். அவன் பொருள் என்றால் எழுதத்தான் வேண்டும் என்று சொன்னேன்.