கிடுகுப் பொத்தலும் பழைய எயார் றைபிளும்

2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள். யாழ்ப்பாணத்தில் கிரகணச் சூரியன் 10 நிமிடமளவில் வளையலாக நின்றது. வானத்தைப் பார்க்கப் பயந்தவர்கள் கிடுகுக் கொட்டிலுக்குள் குனிந்து நிலத்தைப் பார்த்தார்கள். சின்னப் பொத்தல் ஒவ்வொன்றின் கீழும் ஒரு வளையல். பெரிய பொத்தலின் கீழே வெறும் வெளிச்சத் திட்டு.

லண்டனிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு இதைத்தான் நினைவுபடுத்தினேன். அங்கே அவரிடம் பி.எஸ்.ஏ. எயார்ஸ்போர்ட்டர் என்ற பழைய எயார் றைபிள் ஒன்று இருக்கிறது. அந்த வகை 1948இல் வந்தது. அதற்குப் பழைய பார்க்கர்-ஹேல் துளைக்குறி ஒன்றை, அதாவது சின்னத் துளையூடாகப் பார்த்துக் குறிவைக்கும் பின்குறியை, வாங்கிப் பூட்டியிருக்கிறார். "உதுக்குள்ள கண்ணாடியே இல்லை, பிறகெப்படி எல்லாம் தெளிவாத் தெரியுது?" என்று கேட்டார்.

கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். குழல் நுனியிலுள்ள முன்குறி கண்ணிலிருந்து ஏறக்குறைய 1 மீற்றர், இலக்கு அட்டை 10 மீற்றர். முன்குறியில் பார்வையை நிறுத்தினால், கண்மணி 3 மிமீ விரிந்திருக்கும்போது, அட்டையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் 27 மிமீ அகலத்துக்குக் கலங்கும். போட்டி அட்டையின் கறுப்பு வட்டமே 30.5 மிமீதான்! கிடுகின் சின்னப் பொத்தல் போல, கண்ணுக்கு முன் 1 மிமீ துளையை வைத்தால் கலங்கல் 9 மிமீ ஆகிவிடும். வெளிச்சமும் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும்; மாலையில் சித்தப்பா முனகுவது அதனால்தான். சரி, துளையை இன்னும் சிறிதாக்கலாமே என்றால், ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் மறுபடி கலங்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. பழைய V வெட்டுக் குறி குழலின் நடுப்பக்கம் இருந்தது. துளைக்குறி கண்ணருகே வருகிறது. இரண்டு குறிக்கும் இடைவெளி 400 மிமீ என்றால், 0.2 மிமீ பிசகு 10 மீற்றரில் 5 மிமீ ஆகும். இடைவெளி 700 மிமீ ஆனால் அதே பிசகு 3 மிமீக்கும் குறைவு.

பூட்டுவதில்தான் சித்தப்பா தடுமாறினார். துளைக்குறி பழைய குறியைவிட உயரம். பின்குறி 8 மிமீ உயர்ந்து முன்குறி அப்படியே இருந்தால், குழல் மேலே நிமிர்ந்து, குண்டு 11 செமீ மேலே போகும். அவருடையது அட்டையையே தாண்டிப் போனதாம். முன்குறியையும் உயர்த்த வேண்டும். வளையம் வைத்த முன்குறி நல்லது; கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஒரே அகலத்தில் வெள்ளை தெரிந்தால் குறி சரி. கிரகண வளையல் ஒரு பக்கம் தடித்தால் கண் உடனே பிடிக்கும் அல்லவா, அதே திறமைதான்.

றைபிளின் மேலே குறியைப் பூட்டும் தண்டவாளத்தின் அகலத்தை அளக்காமல் குறி வாங்கக் கூடாது. 11 மிமீ பரவலான அளவு, பழைய றைபிள்களில் அது மாறும். அப்புறம் உதை. சுருள்வில் றைபிள் முதலில் பின்னுக்கும், உள்ளே பிஸ்டன் போய் நிற்கும்போது முன்னுக்கும் குலுங்கும். இறுக்கிய குறியும் மெல்ல நகர்ந்துவிடும். குறி நகராமல் பிடிக்கும் தடுப்பாணி இல்லாவிட்டால், குறியின் விளிம்பையொட்டித் தண்டவாளத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கச் சொன்னேன்.