தோள்மூட்டு இறுக்கம்: 'உறைந்த தோள்பட்டை' ஏன் வேண்டாம்

தோள்மூட்டு வலித்து இறுகி, கையைத் தூக்கவோ திருப்பவோ முடியாமல் போகும் நோயான ஃப்ரோசன் ஷோல்டரை 'உறைந்த தோள்பட்டை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நலவாழ்வுப் பக்கம், சர்க்கரை நோய்க் கையேடு, உடற்பயிற்சிக் காணொளி என எங்கே பார்த்தாலும் இதுதான். நோயாளிக்கு இந்தச் சொல் நோயைச் சொல்வதில்லை என்பதோடு, இல்லாத வேறொன்றைச் சொல்லிப் பயமுறுத்தவும் செய்கிறது.

பெயர் வந்த கதை சின்னதுதான். 1872இல் பிரெஞ்சு மருத்துவர் துப்ளே இதை மூட்டைச் சுற்றி வரும் அழற்சி என்றார். நம் மருத்துவர்கள் இன்றும் 'பெரி ஆர்த்ரைட்டிஸ்' என்பது அந்த வழியில் வந்ததே. 1934இல் அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று பெயரிட்டார். 1945இல் இன்னொரு அமெரிக்க மருத்துவர் நெவையசர், மூட்டைப் பைபோல் மூடியிருக்கும் உறை எலும்போடு ஒட்டிக்கொள்கிறது என்று கருதி 'அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ்' (ஒட்டும் உறை அழற்சி) என்றார். பின்னாளில் சிறு துளை வழியே கருவியை விட்டுப் பார்த்தபோது, உறை தடித்துச் சுருங்கியிருப்பதுதான் முக்கியமாகத் தெரிந்தது. ஒட்டுதல் அவ்வளவாக இல்லை. ஆக, மூலப் பெயர்களே முழுக்கச் சரியில்லை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு ஏன்? ஜப்பானியர் தங்கள் பேச்சில் இதை 'ஐம்பது வயதுத் தோள்' என்கிறார்கள். 40 முதல் 60 வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது என்பதால், அந்தப் பெயரில் பொருள் இருக்கிறது.

தமிழில் உறைவது எது? பால் தயிராக உறையும், தண்ணீர் பனிக்கட்டியாக உறையும், நெய் உறையும். உடம்பில் உறைவது என்றால் இரத்தம்தான். 'உறைந்த தோள்பட்டை' என்று கேட்டவர் தோளில் இரத்தம் கட்டிவிட்டது என்று நினைத்தால் பிழை அவருடையதல்ல. இன்னும் சிலர் குளிர்ச்சியால் வந்தது என்று எண்ணி மோரையும் பழத்தையும் நிறுத்துகிறார்கள். இந்த நோய்க்கும் குளிர்ச்சிக்கும் தொடர்பே இல்லை. சர்க்கரை நோய்க்கும் தைராய்டு கோளாறுக்கும்தான் தொடர்பு உண்டு.

இதைவிட மோசம், நோயின் மூன்று கட்டங்களுக்குச் சூட்டும் பெயர்கள்: 'உறையும் கட்டம், உறைந்த கட்டம், உருகும் கட்டம்'. உருகும் கட்டமாம்! எலும்புருக்கி நோய் என்ற சொல் புழங்கிய மொழியில், குணமாகிவரும் ஒருவரிடம் போய் 'உங்கள் தோள் இப்போது உருகுகிறது' என்று சொல்லலாமா? அகராதியைத் திறந்தவர், எதிரில் இருக்கும் ஆளை நினைத்துப் பார்க்கவில்லை.

வங்கிக் கணக்கு விஷயத்தில் நம் செய்தியாளர்கள் இந்தத் தவறைச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் அங்கேயும் 'ஃப்ரீஸ்'தான். ஆனால் 'கணக்கு உறைந்தது' என்று யாரும் எழுதுவதில்லை, 'கணக்கு முடக்கம்' என்கிறார்கள். என்ன நடக்கிறது என்று யோசித்தார்கள், தமிழ் தானாக வந்தது. மருத்துவம் எழுதும்போது மட்டும் அந்த யோசனை எங்கே போகிறது?

சரி, 'முடங்கிய தோள்' எனலாமா? முடக்குவாதம் வேறு நோய், குழப்பம் வரும். 'தோள்பட்டை வாதம்' என்றால் பக்கவாதம் நினைவுக்கு வந்து வீடே பதறும். சித்த மருத்துவர்கள் சொல்லும் 'கும்பவாதம்' மரபான, அழகான சொல். ஆனால் அது அவர்களின் வாதக் கணக்கில் அமைந்த நோய். அதன் குறிகுணங்கள் தோளோடு நிற்பதில்லை. அவர்களுடைய சொல்லாகவே அது இருக்கட்டும். 'தோள் பிடிப்பு' பேச்சுக்கு நெருக்கமானதுதான். ஆனால் பிடிப்பு இரண்டு நாளில் விட்டுவிடும், இது ஒன்று முதல் மூன்று ஆண்டு வரைகூட இழுக்கும்.

என் தேர்வு 'தோள்மூட்டு இறுக்கம்'. பட்டை என்றால் தட்டையானது; தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம் இருப்பது. நோய் இருப்பது மூட்டில், ஆகவே மூட்டு என்றே சொல்வோம். உறை தடித்துச் சுருங்கி மூட்டை இறுக்குகிறது, ஆகவே இறுக்கம். வேறு காரணங்களாலும் தோள் இறுகலாமே என்பது நியாயமான கேள்வி. ஆங்கிலப் பெயரிலும் அந்தத் தெளிவு இல்லை. வேறுபாட்டைச் சோதனைதான் காட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார்கள். இந்த நோயில் நாமாகத் திருப்பினாலும் வராது, மருத்துவர் பிடித்துத் திருப்பினாலும் வராது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தசைநாண் கிழிந்திருந்தால் பொதுவாக நாம் தூக்க முடியாத கையை இன்னொருவரால் தூக்கிவிட முடியும்.

கட்டங்களையும் வலிக் கட்டம், இறுக்கக் கட்டம், தளர்வுக் கட்டம் என்று சொன்னால் சிகிச்சை தானே விளங்கும். வலிக் கட்டத்தில் இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. அப்போது வலியைக் குறைப்பதே முதல் வேலை: மாத்திரை, தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை ஏறும், அதைக் கவனிக்க வேண்டும். முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டும் பயிற்சி போதும். எண்ணெய் தேய்த்து வெடுக்கென்று இழுக்க யாரையும் விடாதீர்கள். இறுக்கக் கட்டத்தில், சுவரில் விரல்களால் ஏறுவது போன்ற பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் சொல்லும் அளவில் கூட்டலாம். அப்படியும் விடாவிட்டால் உறைக்குள் நீர்மம் செலுத்தி விரிப்பது, மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துவிடுவது, துளை வழியே உறையை விடுவிப்பது ஆகிய வழிகள் உண்டு. தளர்வுக் கட்டத்தில் கை மெல்ல மெல்ல மேலே போகும். பெரும்பாலோருக்குக் கை பழையபடி புழங்கும், சிலருக்குக் கொஞ்சம் குறை தங்கலாம்.

புதுச்சொல் பழகும்வரை பக்கத்தில் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். மருத்துவர் சொன்ன பெயரும் அதுதான் என்று நோயாளிக்குப் புரியும். 'உறைந்த தோள்பட்டை'யால் அந்த உதவிகூட இல்லை.