சிவப்பு எழுத்தில் வரும் எண்கள்: கொரோனா தொற்றிய குழந்தையின் இரத்தப் பரிசோதனை

"டாக்டர், சிஆர்பி பன்னிரண்டு காட்டுது. ஐந்துக்குள்ளதானே இருக்கணும்?" என்று அலைபேசியை நீட்டினார் ஒரு தந்தை. அந்த எண்ணுக்குரிய நான்கு வயது மகளோ, எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள். இரண்டு நாள் காய்ச்சல், மூக்கொழுகல், கொரோனா தொற்று உறுதி, அவ்வளவுதான். மூச்சு சீராக இருந்தது, ஆக்சிஜன் அளவு 98 சதவீதம். உண்மையில் அவளுக்கு அந்த இரத்தப் பரிசோதனையே தேவைப்பட்டிருக்கவில்லை.

கொரோனா தொற்றும் குழந்தைகளில் பெரும்பாலோர் சாதாரணச் சளிக்காய்ச்சலைப் போலவே அதைக் கடந்துவிடுகிறார்கள். நன்றாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, காய்ச்சல் தணிந்த நேரத்தில் விளையாடும் குழந்தைக்கு இரத்தத்தில் எந்தக் குறியீடு எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. சிகிச்சையை மாற்றாத பரிசோதனை, பெற்றோருக்குக் கவலையையும் குழந்தைக்கு ஊசிக்குத்தையும் மட்டுமே தருகிறது. ஐந்து கிலோ எடையுள்ள கைக்குழந்தையின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 400 மி.லி. இரத்தம்தான் ஓடுகிறது என்பதையும், தேவையின்றி நாலைந்து குழாய்களை நிரப்பச் சொல்லும் நாம் மறந்துவிடக் கூடாது.

சிஆர்பி என்பது, உடலில் எங்கேனும் அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அழற்சி தொடங்கிச் சுமார் ஆறு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாட்களில் உச்சத்தைத் தொடும். காரணம் விலகியதும் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே காய்ச்சல் கண்ட அன்று காலையிலேயே எடுத்த சிஆர்பி இயல்பாக இருப்பதும் நிம்மதிக்குரியதன்று, மூன்றாம் நாளில் சற்றே கூடியிருப்பதும் ஆபத்தின் அறிகுறியன்று. அலகையும் கவனிக்க வேண்டும். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு. அந்தச் சிறுமியின் 12 லிட்டர் கணக்கில் வந்தது, எனவே மிகச் சிறிய உயர்வு. அதே 12 டெசிலிட்டர் கணக்கில் இருந்திருந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டின் எண்ணிக்கையில் நிகழும் குழப்பம் இதைவிடப் பெரிது. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 1,000 முதல் 4,000 வரை இருப்பது இயல்பு. ஒரு வயதுக் குழந்தைக்கோ 4,000க்கு மேல் இருப்பதுதான் இயல்பு. அறிக்கையின் ஓரத்தில் அச்சாகும் வரம்பு பெரும்பாலும் பெரியவர்களுக்கானதாகவே இருப்பதால், கைக்குழந்தையின் 1,800 என்ற குறைந்த எண்ணிக்கை கறுப்பு எழுத்தில் அமைதியாக நழுவிவிடுகிறது. அந்த வயதில் வெள்ளையணுக்களில் லிம்போசைட் 60 சதவீதம் என்னும் முற்றிலும் இயல்பான அளவோ சிவப்பில் வந்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

டி-டைமர், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின், செல்கள் சிதைந்தால் இரத்தத்தில் கூடும் நொதியான எல்டிஎச் ஆகியவையும் எந்த அழற்சியிலும் கூடக்கூடியவை. இரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் டி-டைமர் சற்றுக் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் குழந்தைக்கு உறைவெதிர்ப்பு மருந்து கொடுக்க முடியாது. அழுது துள்ளும் குழந்தையின் விரலைப் பிழிந்து எடுத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்து, எல்டிஎச்சும் பொட்டாசியமும் பொய்யாக உயர்வதுண்டு.

அப்படியானால் இந்தக் குறியீடுகள் எப்போது உயிர் காக்கின்றன? 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் கவனித்துச் சொன்ன, அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வரையறை வகுத்த பல்லுறுப்பு அழற்சி நோயில்தான். எம்ஐஎஸ்-சி என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இது, தொற்று வந்துபோன இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குப் பிறகு, குழந்தை நன்றாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்கும் வேளையில் வருகிறது. அந்தத் தொற்று, யாரும் கவனிக்காத அளவுக்கு லேசானதாகக்கூட இருந்திருக்கலாம்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை, குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்ற ஐயத்துடன் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். நான்கு நாள் கடும் காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை, கைகால்கள் சில்லிட்டிருந்தன, நாடி மிக வேகமாக ஓடியது. ஒரு மாதத்துக்கு முன் வீட்டில் அனைவருக்கும் சளி பிடித்ததைக் கேட்ட பிறகுதான் தாயார் நினைவுகூர்ந்தார். சிஆர்பி லிட்டருக்கு 180 மி.கி., லிம்போசைட் 700, தட்டணுக்கள் 1.1 லட்சம், சோடியம் 129, இந்த மூன்றும் இயல்பைவிடக் குறைவு. இரத்தப் புரதமான அல்புமினும் குறைவு. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லிவிடலாம். ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது அவை இதயத்தைப் பார்க்கச் சொல்லின. இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினும் இதயச் சுமையைக் காட்டும் பிஎன்பியும் உயர்ந்திருந்தன. எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்திருந்தது. கொரோனாவுக்கான பிசிஆர் எதிர்மறை, எதிர்ப்புப்பொருள் பரிசோதனை நேர்மறை. அதாவது தொற்று முன்பே வந்துபோயிருந்தது, இது எம்ஐஎஸ்-சி.

பாக்டீரியத் தொற்றைச் சுட்டுவதாக நாம் நம்பும் ப்ரோகால்சிடோனினும் அவனுக்குக் கூடியிருந்தது. இந்த நோயில் பாக்டீரியா இல்லாமலேயே அது உயர்வதுண்டு என்று தெரிந்திருந்தும், இரத்த வளர்ப்புச் சோதனையின் முடிவு வரும்வரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நிறுத்தத் துணியவில்லை. அந்த இடத்தில் எண்ணை நம்புவதைவிட எச்சரிக்கையாக இருப்பதே சரியெனப் பட்டது.

எதிர்ப்புப்பொருள்கள் அடங்கிய இம்யூனோகுளோபுலினும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அளவைவிட அடுத்தடுத்த நாட்களின் போக்கையே பார்த்தோம். சிஆர்பி நாளுக்கு நாள் இறங்கியது. சிவப்பணுக்கள் படியும் வேகத்தைக் கொண்டு அழற்சியைக் கணிக்கும் ஈஎஸ்ஆரை மட்டும் மீண்டும் பார்க்கவில்லை. இம்யூனோகுளோபுலின் செலுத்தினாலே அது உயர்ந்துவிடும் என்பதால், அதைப் பார்த்து நோய் கூடுகிறதென எண்ண நேரிடும். ஸ்டீராய்டால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு கூடுவதும் அவ்வாறே.

இரண்டாம் வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது தட்டணுக்கள் 5.6 லட்சம் என்று சிவப்பில் இருந்தது. தாயார் அந்த வரியின் மேல் விரலை வைத்தபடியே உள்ளே நுழைந்தார். அழற்சி தணிந்து மீளும் காலத்தில் தட்டணுக்கள் இப்படி ஏறுவது வழக்கம் என்று விளக்கி, குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடரச் சொன்னேன். அன்றைய எக்கோவில் சுருங்கும் திறன் இயல்புக்குத் திரும்பியிருந்தது, இதயத் தமனிகளிலும் வீக்கமில்லை. ஆறாவது வாரத்தில் இன்னொரு எக்கோவுக்குத் தேதி எழுதிக் கொடுத்தேன். அதுவரை ஓட்டப்பந்தயம் கூடாது என்றபோதுதான் அந்தப் பையன் முதன்முறையாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.