வெர்முத்: எட்டியும் இல்லை, சாராயமும் இல்லை

பார்சிலோனாவின் குறுந்தெரு ஒன்றில், அந்தப் பேட்டைக்காரர்கள் மதிய உணவுக்கு முன் கூடிப் பேசும் சிறிய கடையைப் பற்றிய பயணக் காணொளிக்கு அண்மையில் தமிழில் துணையெழுத்து இட்டிருந்தார்கள். திரையில் ஒரு தட்டில் ஆலிவ் காய்கள், ஆரஞ்சுத் துண்டு மிதக்கும் செம்பழுப்புக் கோப்பை, பீப்பாயின் குழாயைத் திறந்து ஊற்றும் கடைக்காரர். கீழே ‘வசதியான எட்டிச் சாராயக் கடை’ என்ற வரி. வெர்முத் என்ற பானத்துக்கு ‘எட்டிச் சாராயம்’ என்று எழுதுவதைச் சென்னையில் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் பலமுறை கேட்டுவிட்டேன். அது அகராதிக்குள் நுழைவதற்கு முன் மறுத்தாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்ட்டெமிசியா அப்சிந்தியம் என்னும் கசப்புச் செடிக்கு ஜெர்மன் மொழியில் ‘வெர்முட்’ என்று பெயர். அது பிரெஞ்சில் ‘வெர்மூத்’ என்றும் ஸ்பானிய மொழியில் ‘வெர்முத்’ என்றும் பானத்தின் பெயராயிற்று. இன்றைய வடிவில் அதை 1786இல் இத்தாலியின் டூரின் நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அந்தோனியோ பெனதெத்தோ கார்ப்பானோ என்பார்கள். ஒயினில் இந்தச் செடியோடு வேர், பட்டை, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றை ஊறவைத்து மணமேற்றி, வடித்த ஆல்ககால் சிறிது சேர்த்து வலுவூட்டுவார்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதில் குறைந்தது 75 விழுக்காடு ஒயின் இருக்க வேண்டும், ஆல்ககால் 14.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 22 விழுக்காட்டை எட்டாமலும் இருக்க வேண்டும்.

இனி, எட்டி. இந்தப் பிழையின் ஊற்று தமிழ் விவிலியம். வெளிப்படுத்தின விசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் வானத்திலிருந்து விழும் நட்சத்திரத்துக்கு எட்டி என்று பெயர். கிரேக்க மூலத்தில் அது ‘அப்சிந்தோஸ்’, அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே செடி. தண்ணீர் கசந்து மனிதர் மாண்டார்கள் என்று சொல்லும் அந்த இடத்தில், தமிழ் வாசகன் அறிந்த கொடிய கசப்பு மரத்தின் பெயரை வைத்தது பொருத்தமே. அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எட்டி என்பது காஞ்சிரை மரம். ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சு அதன் விதையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று பழமொழி சொல்லும்போது, யாரும் வாயில் வைக்கத் துணியாத பழம் என்பதே அதன் பொருள். ஊரார் விரும்பிப் பருகும் பானத்துக்கு அந்த மரத்தின் பெயரை ஒட்டவைத்தால், படிப்பவர் அதை விஷச் சாராயம் என்றே எடுத்துக்கொள்வார். கள்ளச்சாராயச் சாவுகளைக் கண்ட தமிழ்நாட்டில் அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும்.

அந்தச் செடிக்கு நெருங்கிய உறவு வேண்டுமென்றால் காஞ்சிரையைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. மயிலாப்பூர் மாடவீதியில் பூக்காரம்மா மல்லிச் சரத்தின் நடுவே வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து, ஆர்ட்டெமிசியா பேரினத்தைச் சேர்ந்தது. அதன் சாம்பல்பச்சைத் தளிரை இரு விரல்களுக்கிடையே கசக்கினால் முதலில் இனிப்பும் அடியில் சிறு காரமும் கலந்து எழும் மணத்தை நம்மூரில் அறியாதவர் குறைவு. சித்த மருத்துவம் பயன்படுத்தும் மாசிபத்திரியும் அதே குடும்பம். ‘மரிக்கொழுந்து இனத்துக் கசப்புச் செடி’ என்று அடைமொழியோடு எழுதினால் தாவரவியலுக்கும் பொருந்தும், வாசகருக்கும் மணக்கும்.

அடுத்து, சாராயம். தமிழில் காய்ச்சி வடிப்பது சாராயம். புளிக்கவைத்து எடுப்பது கள், நறவு, தேறல். இந்த வேறுபாட்டை மொழி தெளிவாக வைத்திருக்க, சென்னைப் பேச்சு அதைக் குழப்பிவிட்டது. பிராந்தியும் ரம்மும் விற்ற கடைகளுக்கு ‘ஒயின்ஷாப்’ என்ற பெயர் ஏறியது. 2003இல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பெயர் வாயிலிருந்து போகவில்லை. அதனால் ஒயின் என்றாலே கடுமது என்று எண்ணுகிறவர்கள் மொழிபெயர்க்கும்போதும் தயங்காமல் சாராயம் என்று எழுதிவிடுகிறார்கள். முக்கால் பங்குக்குக் குறையாமல் புளித்த திராட்சைச் சாறாக இருக்கும் பானத்துக்கு இது பொய்ப்பெயர்.

விவிலியத்தின் ‘திராட்சரசம்’ இன்று உதவாது. பழரசக் கடைகள் பெருகிய பிறகு அது குழந்தைக்கும் கொடுக்கும் சாறாக ஒலிக்கிறது. ‘அரிஷ்டம்’ என்று சொல்லலாமே என்பவர்களை நான் மதிக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் திராட்சாரிஷ்டம் உண்மையிலேயே திராட்சையும் மூலிகையும் சேர்ந்து நொதித்த நீர்மம். ஆயினும் அரிஷ்டத்தில் மருந்துச்சரக்கு சேர்ந்தே நொதிக்கிறது. வெர்முத்தில் ஒயின் ஆயத்தமான பிறகே மூலிகையின் சாரம் சேர்கிறது. மேலும், அரிஷ்டம் வேளைக்கு இத்தனை மில்லி என்று அளந்து குடிக்கும் மருந்து, நண்பரோடு உட்கார்ந்து பருகுவதில்லை.

என் பரிந்துரை தேறல். தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் அடங்கித் தெளிந்த மது தேறல். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். யவனர் கப்பலில் வந்த ஒயினுக்கு அன்றே நம்மவர் இட்ட பெயர் இது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த மத்தியதரைக்கடல் பகுதி மதுச்சாடிகள் அந்த வரிக்குச் சான்று. தேனில் செய்ததையும் பழந்தமிழ் தேறல் என்றது உண்மை. ஆகவே ஒயினைத் திராட்சைத் தேறல் என்று தெளிவாகச் சொல்லலாம். வெர்முத் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, முதன்முறை வரும் இடத்தில் ‘மூலிகைத் தேறல்’ என்று விளக்கினால் போதும். குறிப்பிட்ட ஊரும் முறையும் சேர்ந்த பானத்தின் பெயரை முழுவதுமாக மாற்றுவது தூய்மையாகாது. இட்டலியை அரிசிக் கேக் என்று அயலார் எழுதும்போது நமக்கு எரிச்சல் வருகிறதல்லவா?

அந்தத் துணையெழுத்தில் மற்றொரு குற்றமும் உண்டு. ‘வசதியான கடை’ என்றால் பார்க்கிங்கும் ஏசியும் உள்ள கடை என்று சென்னைக்காரர் புரிந்துகொள்வார். காட்சியில் இருந்தது நாலைந்து மேசை, முகம் தெரிந்த கடைக்காரர், நண்பகலில் வெர்முத்தும் ஆலிவுமாக அரட்டை. ஸ்பெயினில் அதற்கென்றே ‘வெர்முத் நேரம்’ என்ற வழக்கு இருக்கிறது. சிறிதாயினும் மனம் ஒட்டும் வீட்டை ‘அடக்கமான வீடு’ என்கிறோம். அதே சொல்லில் ‘பேட்டையின் அடக்கமான தேறலகம்’ என்று எழுதியிருக்கலாம்.

இதே கைகள்தான் இனிப்புக் குறைந்த வகையை ‘உலர் வெர்முத்’ என்றும், இனிப்பில்லாத ஒயினை ‘உலர் திராட்சை மது’ என்றும் எழுதுகின்றன. உலர் திராட்சை என்பது பாயசத்தில் போடும் கிஸ்மிஸ். அந்தத் தொடரைப் படிப்பவர் கிஸ்மிஸில் காய்ச்சிய ஏதோ ஒன்று என்றே நினைப்பார். ஆங்கிலத்தில் வறட்சியைக் குறிக்கும் சொல் அங்கே சர்க்கரை எஞ்சாத நிலையைக் குறிக்கிறது. தமிழில் ‘இனிப்பற்ற’ என்று நேராக எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை.